பூட்டுப் போட்ட எழுத்து

எங்கள் ஊர்ப் படிப்பகத்திலே இரும்புப் பெட்டி ஒன்று இருக்கிறது. சென்ற கோடை விடுமுறையில் அதைத் துப்புரவு செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. பழைய வரவு செலவுக் கணக்கு, சாவி தொலைந்த பூட்டு, மை காய்ந்த முத்திரை இவற்றுக்கு அடியிலே, வெள்ளித் தட்டுப்போல் மின்னிக்கொண்டு ஒரு குறுவட்டு கிடந்தது. அதன் மேல், "ஆண்டு விழா மலர், 2004" என்று யாரோ எழுதி வைத்திருந்தனர்.

புதையல்தான் அது எங்களுக்கு! அந்த மலரின் அச்சுப் படிகளில் பெரும்பகுதியைக் கறையான் தின்று தீர்த்துவிட்டது. எஞ்சிய ஒரே படியிலும் நடுவில் எட்டுப் பக்கம் இல்லை. அந்த எட்டுப் பக்கத்தில்தான், ஈய எழுத்துக் கோத்தே வாழ்நாளைக் கழித்த எங்களூர்ப் பெரியவர் ஒருவர் எழுதிய கட்டுரை இருந்தது. திருவிதாங்கூர் அரசின் குடிமகனாகப் பிறந்து, 1956 நவம்பர் முதல் நாள் செங்கோட்டை வட்டம் தமிழகத்தோடு இணைந்தபோது தமிழ்நாட்டான் ஆனவர் அவர். இணைப்புக்கு முன் புளியறை எப்படி இருந்தது என்பதைக் கண்ணால் கண்டு எழுதிய கட்டுரை எங்கள் ஊரில் அது ஒன்றுதான். எழுதியவர் இன்று இல்லை.

குறுவட்டைக் கணிப்பொறியில் இட்டேன். கோப்புகள் இருந்தன. பழைய பேஜ்மேக்கர் மென்பொருள் வைத்திருந்த தென்காசி நண்பர் ஒருவர் உதவியால் திறந்தும் பார்த்தோம். திரையிலே தோன்றியது தமிழா? இல்லை! ஆங்கிலமா? அதுவும் இல்லை! ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. பிறகு என், எஃப், எச். பிறகு இன்னும் ஏதேதோ. பக்கம் பக்கமாக அப்படியே. கறையான் அரித்த ஏட்டையாவது ஓரளவு படிக்கலாம். ஓர் எழுத்தும் அழியாமல் முழுதாக இருந்த இதையோ படிக்க முடியவில்லை!

எழுத்து இருக்கிறது, பொருள் இல்லை என்ற இந்த நிலை எப்படி நேர்ந்தது? பதில் தேடிப் போனபோது அது நானூற்று நாற்பது ஆண்டுக் கதையாக நீண்டது.

நான் நிற்கும் இடத்திலிருந்தே தொடங்குகிறேன். புளியறை மலையடிவாரச் சிற்றூர். தமிழக எல்லையில் கடைசி ஊர். சோதனைச் சாவடியைத் தாண்டி, வளைந்து வளைந்து ஏறும் சாலையிலே போனால் ஆரியங்காவு. அப்படியே இறங்கினால் கொல்லம். அந்தக் கொல்லத்தில்தான் 1578 அக்டோபர் 20 ஆம் நாள், பதினாறே பக்கம் கொண்ட 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சேறி வெளிவந்தது. இந்தியாவில் இந்திய மொழியொன்றின் எழுத்தில் அச்சான முதல் நூல் அது. அண்டிரிக்கி அடிகளார் அதைத் தமிழாக்கினார். எழுத்துகளில் ஒரு தொகுதி கோவாவில் வார்க்கப்பட்டது, மற்றொன்று கொல்லத்திலேயே வார்க்கப்பட்டது. நூலின் நோக்கம் மதம் பரப்புவது, அதில் ஐயமில்லை. நம் கருத்துக்கு அது உகந்ததன்று என்பதற்காக அந்த ஈய எழுத்தின் பெருமையை மறுப்பது பகுத்தறிவாகாது. ஓலையில் ஒரு படி எழுத நாட்கணக்கில் குனிந்து உட்கார்ந்த காலத்திலே, ஒரு முறை கோத்த எழுத்தைக் கொண்டு நூற்றுக்கணக்கில் படி எடுக்கலாம் என்று காட்டிய நாள் அது.

ஆயினும் மலைக்கு அந்தப் புறம் மூண்ட நெருப்பு இந்தப் புறம் பரவ நெடுங்காலம் ஆயிற்று. 1713 இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழ் அச்சு தொடங்கினார். ஜெர்மனியின் ஆலே நகரிலிருந்து வந்த எழுத்து அளவில் பெரிது. தாள் தாளாக விழுங்கியது. ஆகவே, பாலாடைக்கட்டி பொதிந்து வந்த ஈயத் தகட்டை உருக்கிச் சிறிய எழுத்து வார்த்தார்கள் என்று அச்சு வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். பிறகும் நூறாண்டுக்கு மேலாக அச்சுப்பொறி பெரும்பாலும் பாதிரியார் கையிலும் கும்பினியார் கையிலும்தான் இருந்தது. 1835 இல் மெட்காஃப் காலத்துச் சட்டம் வந்து தடை நீங்கிய பின்னரே நம்மவர் தாராளமாக அச்சகம் வைக்க முடிந்தது. மடத்திலும் மாளிகையிலும் பட்டுத் துணிக்குள் உறங்கிய ஏடு அதற்குப் பிறகுதான் கடைத்தெருவுக்கு வந்தது.

இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். எழுதும் பொருள் மாறும்போதெல்லாம் எழுத்தும் மாறியிருக்கிறது. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். ஆகவே ஏட்டில் புள்ளி வைக்காமலே எழுதினர். எரியா ஏரியா, கொல்லா கோலா என்பதைப் படிப்பவர்தாம் உய்த்துணர வேண்டும். படித்தவனுக்கு அது எளிது. புதிதாகப் படிக்க வருபவனுக்கோ மதிற்சுவர்! பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்து அந்தச் சுவரில் ஒரு வாயிலைத் திறந்தார். "தொன்று தொட்டு வந்த எழுத்தை மாற்றலாமா?" என்று கேட்போர் இன்றும் உண்டு. அவர்கள் அந்தக் கேள்வியை எழுதுகிற 'தொ'வும் 'மா'வும் எத்தனை முறை உருமாறி வந்தவை என்பதை அறியார்.

பெரியார் 1935 இல் குடியரசு இதழில் செய்தது இந்த வரிசையிலே வருகிறது. ணா, றா, னா ஆகியவற்றுக்குச் சுருட்டி எழுதும் தனி வடிவமும், ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்குத் தும்பிக்கை போன்ற முன்வளைவும் அன்று இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி ஈய அச்சு வேண்டும், அச்சுக்கோப்பவர் பெட்டியிலே தனி அறை வேண்டும், குழந்தை தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும். ஏன் வேண்டும்? 'கா'வுக்குப் போடும் காலை 'ணா'வுக்கும் போட்டால் என்ன? 'கை'க்குப் போடும் குறியை 'லை'க்கும் போட்டால் என்ன? கேள்வி எளியது; விடை கிடைக்க நாற்பத்து மூன்று ஆண்டு ஆயிற்று. 1978 அக்டோபர் 19 ஆம் நாள் தமிழக அரசு அந்தப் பதின்மூன்று எழுத்துகளின் புதிய வடிவை ஏற்று ஆணையிட்டது. 'ஐ'யை 'அய்' என்றும் 'ஔ'வை 'அவ்' என்றும் எழுதும் பகுதியை மட்டும் ஆணை ஏற்கவில்லை. அன்று அச்சுக்கோப்பவருக்காகவும் குழந்தைக்காகவும் செய்த மாற்றம், கணிப்பொறி வந்தபோது அதற்கும் உதவிற்று. தனி உருவங்கள் எத்தனை குறைகின்றனவோ அத்தனை இடம் மிச்சம் அல்லவா?

எழுத்துக்கு இடமில்லை என்ற தொல்லை தட்டச்சுப் பொறியோடு தொடங்கியது. இருநூற்று நாற்பத்தேழு எழுத்தை ஐம்பதுக்கும் குறைந்த விசைகளில் எப்படி அடக்குவது? யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குச் சென்ற ஆர். முத்தையா அதற்கு வழி கண்டார். எழுத்தைத் துண்டாக்கினார். கொம்பு தனி, கால் தனி, புள்ளி தனி. கண்ணுக்குத் தெரியும் வரிசையிலே ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். தாளுக்கு இது போதும். தாள் வடிவத்தைத்தான் பார்க்கிறது. பொருளை அது கேட்பதில்லை.

கணிப்பொறி கேட்கும்! குழப்பம் இங்கேதான் பிறந்தது.

கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். 1963 இல் அமெரிக்கர் தம் எழுத்துகளுக்கு எண் கொடுத்து ஒரு பட்டியல் வகுத்தனர். அதில் மொத்தம் 128 இடம். ஆங்கில எழுத்து, எண், நிறுத்தக்குறி, பொறிக்கான கட்டளை இவற்றோடு சரி. தமிழுக்கு இடமில்லை. 1985 இல் பேஜ்மேக்கரும் லேசர் அச்சுப்பொறியும் வந்து, ஒரு மேசையின் மீதே பக்கம் அமைத்து அச்சிடலாம் என்ற நிலை மேலை நாட்டில் ஏற்பட்டது. சில ஆண்டுகளில் அது நம் ஊர் அச்சகங்களுக்கும் வந்தது. தமிழுக்கு எண் இல்லையே, என்ன செய்வது? நம் வல்லுநர்கள் ஒரு தந்திரம் செய்தனர். ஆங்கில 'ஜே' எழுத்துக்கு உரிய எண்ணிலே, 'ஜே' படத்தை நீக்கிவிட்டு 'த' படத்தை வைத்தனர். 'கே' இருந்த இடத்தில் 'ம'. 'ஓ' இருந்த இடத்தில் 'ழ'. இவ்வாறு செய்த எழுத்துருக்களில் ஒன்றுதான் ஈழத்திலும் தமிழகத்திலும் பெரிதும் பரவிய பாமினி. அதன் விசை அமைப்பு தட்டச்சுப் பொறியின் அமைப்பே. ஆகவே பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால், கணிப்பொறியின் உள்ளே பதிவாகும் எண்கள் 106, 107, 112, 111, 59. அதாவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி! பாமினி எழுத்துரு இருக்கும் பொறியில் அது தமிழ். இல்லாத பொறியில் அது பிதற்றல்.

எழுத்துக்கு முகமூடி போட்டோம் என்று சொல்லலாம். முகமூடி ஒன்றாக இருந்தாலும் பரவாயில்லை. ஆளுக்கொரு முகமூடி! ஒரு நிறுவனத்தின் எழுத்துருவில் 'க' இருந்த எண்ணில், இன்னொரு நிறுவனத்தின் எழுத்துருவில் 'ப' இருக்கும். ஒருவர் அமைத்த நூலை மற்றவர் திறக்க வேண்டுமானால் அவரிடமுள்ள எழுத்துருவையே வாங்க வேண்டும். வாணிகருக்கு அது ஆதாயம். நாளேடுகள் இணையத்துக்கு வந்த காலத்தில், ஒவ்வோர் ஏட்டைப் படிக்கவும் ஒவ்வோர் எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அன்று ஏட்டைப் பூட்டி வைத்தவன் மடத்து அதிபதி. அவனுக்காவது ஏட்டின் அருமை தெரியும். பின்னாளில் பூட்டியவருக்கோ, தாம் பூட்டியிருக்கிறோம் என்பதே தெரியாது. எங்கள் மலரைத் தயாரித்த அச்சகத்தார் நல்லவர்தாம். வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள். ஆனால் அச்சானதோடு காரியம் முடிந்தது என்று எண்ணினார்கள். எழுத்துருவையும் குறுவட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. நம்மவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முதலில் முனைந்தவர்கள் கடல் கடந்த தமிழர் என்பது வியப்பன்று. வீட்டில் இருப்பவனைவிடத் தொலைவில் இருப்பவனுக்கே கடிதத்தின் அருமை தெரியும். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் செய்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியன் என்ற முறையை உருவாக்கி, 1995 இல் அந்நாட்டு இணையப் பக்கத்திலே தமிழ்க் கவிதை தோன்றச் செய்தார். 1997 இல் சிங்கப்பூரில் தமிழிணைய மாநாடு கூடியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் அடுத்த மாநாடு. உயிர் இடப்புறம், மெய் வலப்புறம் என்று இலக்கணத்தை ஒட்டி அமைந்த தமிழ்99 விசைப்பலகையும், 'டாம்', 'டாப்' என்ற இரு குறியீட்டு முறைகளும் அங்கு முடிவாகி, அவ்வாண்டே அரசின் ஏற்பையும் பெற்றன. அதே காலத்தில் பல நாட்டுத் தமிழர் மின்மடல் வழியே வாதாடி வகுத்த 'திஸ்கி' முறையும் வழங்கியது. பல முகமூடிகள் போய் மூன்று முகமூடி ஆயிற்று என்று நண்பர் ஒருவர் கேலி செய்வார். கேலியில் உண்மை உண்டு. ஆனாலும், "பொதுவான எண் வேண்டும்" என்ற எண்ணம் வேரூன்றியது அப்போதுதான். சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கலியாணசுந்தரம் 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் அந்த வேரிலிருந்து கிளைத்தது. பழந்தமிழ் நூல்களை அன்பர்கள் கூலியின்றித் தட்டச்சு செய்து, எவரும் விலையின்றி எடுத்துக்கொள்ளுமாறு இணையத்திலே வைத்தார்கள். உ. வே. சாமிநாதையரும் சி. வை. தாமோதரம் பிள்ளையும் ஓலையிலிருந்து தாளுக்குக் கொண்டுவந்ததை, இவர்கள் தாளிலிருந்து மின்னுக்குக் கொண்டுவந்தனர். முதலில் திஸ்கியில் வைத்தார்கள். பின்னர் அத்தனையையும் ஒருங்குறிக்கு மாற்றினார்கள். மாற்ற முடிந்தது எதனால்? திஸ்கியின் பட்டியல் வெளிப்படையாக இருந்ததனால்! எந்த எண் எந்த எழுத்து என்று ஊரறியச் சொல்லியிருந்தால் எந்தக் காலத்திலும் மீட்கலாம். ஒளித்து வைத்திருந்தால்தான் ஆபத்து.

ஒருங்குறி என்று சொன்னேன். உலகின் எல்லா எழுத்துக்கும் தனித்தனி எண் தருவது என்று 1991 இல் வெளிவந்த ஏற்பாடு அது. அதில் தமிழுக்கென்று 2944 முதல் 3071 வரை 128 இடம். 'தமிழ்' என்ற சொல்லுக்கு அங்கே எண்கள் 2980, 2990, 3007, 2996, 3021. புளியறையிலும் யாழ்ப்பாணத்திலும் டொரண்டோவிலும் இதே எண்தான். 2980 என்றால் 'த'. வேறெந்த மொழிக்கும் அந்த எண்ணில் உரிமையில்லை. முகமூடி கழன்றது. வரிசையும் சீராயிற்று. பாமினியில் 'கொ' என்பது கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரிவதுபோல் மூன்று துண்டு. ஒருங்குறியில் முதலில் 'க', அதன்பின் ஒகரக் குறி. வாயால் சொல்லும் வரிசை அதுதானே? கொல்லம் என்ற சொல்லை ஓராயிரம் பக்கத்திலும் பொறி தேடிக் கண்டுபிடிப்பது இதனால் இயன்றது.

இருந்தும் அதில் ஒரு குறை உண்டு. அதை மறைத்துப் புகழ் பாட நான் விரும்பவில்லை. இந்திய அரசின் பழைய குறியீட்டு முறை ஒன்றைப் பின்பற்றியே ஒருங்குறியில் தமிழுக்கு இடம் ஒதுக்கினார்கள். அந்த முறையின் சட்டகம் தேவநாகரியினுடையது. அதில் இல்லாத எழுத்துகளை அருகருகே செருகினர். ஆகவே ந-வுக்குப் பின் ன, ர-வுக்குப் பின் ற, ல-வுக்குப் பின் ள, ழ என்று எண் அமைந்தது. நம் அகர வரிசையோ ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் அகராதி நிலைகுலையும். அதற்கெனத் தனி அடுக்கு விதி எழுத வேண்டும். எழுதியும் இருக்கிறார்கள். ஆனாலும், தமிழை யாரோ அளவெடுத்த சட்டைக்குள் புகுத்தியதுபோல் ஓர் உறுத்தல். மூன்றெழுத்துத் 'தமிழ்' அங்கே ஐந்து எண்ணாக நிற்பதும் பலருக்குப் பிடிக்கவில்லை. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரும் 'டேஸ்16' என்ற முறையைத் தமிழறிஞர் சிலர் வகுத்தனர். 2010 சூன் திங்களில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்று, இதனை மாற்று முறையாக அறிவித்தது. உலக மென்பொருள்கள் இதைத் தாங்கி வரவில்லை. ஆகவே இது பரவவில்லை. இலக்கணத்துக்கு டேஸ் இனியது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எல்லாரும் ஏற்ற குறையுள்ள முறையை விட்டு, நாம் மட்டும் வைத்திருக்கும் குறையற்ற முறைக்குப் போவது, மறுபடியும் தனிப் பூட்டுக்குப் போவதே ஆகும்.

அதே 2010 இல் இன்னொரு சிக்கல் எழுந்தது. கிரந்தத்துக்கு ஒருங்குறியில் இடம் கேட்டவர்கள், எ, ஒ, ழ, ற, ன ஆகிய தமிழ் எழுத்துகளைக் கிரந்தத் தொகுதியிலும் வைக்கலாம் என்றனர். கிரந்த எழுத்துகளைத் தமிழோடு சேர்க்கும் கருத்தும் கிளம்பியது. ஒன்றிய அரசுக்குத் தமிழக அரசு எழுதியது. அறிஞர்கள் கண்டித்தனர். முடிவில், 2014 இல் கிரந்தம் தனித் தொகுதியாக வந்தது, அந்த ஐந்து எழுத்தும் இல்லாமல். எண் பட்டியலில் என்ன அரசியல் என்று நினைப்போர் இதை ஒரு முறை எண்ணிப் பார்க்கட்டும். தமிழரின் பழைய பின்னக் குறிகளும் அளவைக் குறிகளுமாக ஐம்பத்தொன்று, 2019 இல் அதே பட்டியலில் இடம்பெற்றன. வாதாடாமல் எதுவும் வருவதில்லை.

எழுத்துக்கு எண் கிடைத்தது, பக்கத்துக்கு? நூல் என்பது எழுத்து மட்டுமா? தலைப்பு, பத்தி, படம், இடைவெளி எல்லாம் சேர்ந்ததல்லவா? அடோபி நிறுவனம் 1993 இல் வெளியிட்ட பி.டி.எஃப். கோப்பு இதற்கு விடை. எந்தப் பொறியிலும் பக்கம் அச்சு மாறாமல் தோன்ற வேண்டும் என்பது அதன் கொள்கை. அதற்காக எழுத்துருவையே கோப்புக்குள் பொதிந்துவிடும். 2004 இல் எங்கள் மலரை இப்படி ஒரு கோப்பாக்கி வைத்திருந்தால், எட்டுப் பக்கத்தையும் நான் அன்றே படித்திருப்பேன். 2008 இல் அந்நிறுவனம் இதன் கட்டுப்பாட்டை விட்டுக்கொடுக்க, இது உலகத் தர அமைப்பின் பொதுத் தரமாயிற்று. ஆவணக் காப்பகங்களுக்கென்றே இதன் ஒரு வகை 2005 இல் தரமாகியிருந்தது.

நூலகங்களுக்கு இது எத்தகைய வரம் என்பதை அறிய யாழ்ப்பாணத்தை நினைத்தால் போதும். 1981 மே மாத இறுதியில், சூன் முதல் நாள் விடிவதற்குள், யாழ்ப்பாணப் பொது நூலகத்தைக் கொளுத்தினர். ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. வேறெங்கும் படி இல்லாதவை அவற்றில் எத்தனை! அந்த நெருப்பைக் கேட்டு வளர்ந்த தலைமுறை 2005 இல் நூலகம் என்ற பெயரிலேயே ஓர் இணையக் காப்பகம் தொடங்கிற்று. ஈழத்து நூல், இதழ், துண்டு வெளியீடு, கல்யாணப் பாட்டு வரையில் ஒவ்வொன்றையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக் கோப்பாக்கி வைத்தது. ஒரு கட்டடத்துக்குத் தீ வைக்கலாம். நூறு ஊரில் இருக்கும் நூறு படிக்கு எப்படி வைப்பது?

ஆனால் படமெடுத்த பக்கம் படமாகத்தானே இருக்கும்? கல்லூரியில் என்னோடு பயின்ற நண்பர் ஒருவருக்குக் கண் பார்வை இல்லை. கணிப்பொறியில் இருப்பதை வாய்விட்டுப் படித்துக் காட்டும் மென்பொருளின் துணையால், வகுப்பிலே எங்களை எல்லாம் முந்தியவர் அவர். ஒரு நாள், தேர்வுக்கு வேண்டிய நூல் கிடைத்துவிட்டது என்று மகிழ்ச்சியோடு ஒரு கோப்பை அனுப்பினேன். மறுமொழி வந்தது: "பொறி ஒன்றும் பேசவில்லை. வெற்றுத் தாளா அனுப்பினாய்?" வெற்றுத் தாள் அன்று, படம். இன்னொரு கோப்பு அனுப்பினேன். அது பழைய எழுத்துருவில் அமைந்தது. பொறி ஆங்கில எழுத்துகளாக உளறித் தள்ளியதாம். கண்ணுள்ள எனக்கு இரண்டும் அழகிய தமிழ் நூல்! அச்சுக்கு அழகாக இருந்தால் போதும் என்ற எண்ணத்தின் மறுபக்கத்தை அன்றைக்குத்தான் கண்டேன். பி.டி.எஃப். கோப்பை உண்மையான எழுத்தைக் கொண்டும் அமைக்கலாம், வெறும் படத்தைக் கொண்டும் அமைக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது. கோப்பிலே ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள், கிடைக்கிறதா இல்லையா என்று. அதுவே உரைகல்.

படத்தை எழுத்தாக்கும் வேலை இப்போது நடந்துகொண்டிருக்கிறது. பாரதியின் எழுத்தை 1949 இல் அரசு நாட்டுடைமை ஆக்கியது. பின்னர் பாரதிதாசன், அண்ணா என்று அந்த வழியே பலரின் நூல்கள் வந்தன. உரிமை மக்களுக்கு வந்தும் நூல் மக்களுக்கு எட்டவில்லை. பதிப்பகத்தார் அச்சிட்டால் உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமை நூல்களைப் படமெடுத்தது. அவற்றில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை 2016 அளவில் விக்கிமூலத்தில் ஏறின. எழுத்துணரி மென்பொருள் படத்தைப் பார்த்து எழுத்தைப் பெயர்த்துத் தர, தொண்டர்கள் வரி வரியாக மெய்ப்புப் பார்க்கிறார்கள். 1978 க்கு முற்பட்ட நூல்களில் பழைய 'லை'யும் 'றா'வும் வரும்போது பொறி தடுமாறும். மனிதக் கண் திருத்தும். மாணவர் சிலரும் நானும் விடுமுறையில் ஆளுக்குப் பத்துப் பக்கம் பார்த்தோம். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், "ஐயா, இந்த எழுத்து யானை மாதிரி இருக்கிறதே!" என்றான். எழுத்துச் சீர்திருத்தத்தை அவனுக்குப் பாடமாக நடத்த வேண்டிய தேவை எனக்கு இல்லாது போயிற்று. இ-பப் என்ற நூல் வடிவம் 2007 இல் வந்தது. கைப்பேசியின் அளவுக்கு ஏற்ப வரிகள் தாமே மடங்கிக்கொள்ளும். 2013 முதல் தன்னார்வலர் சிலர் தமிழ் நூல்களை அவ்வடிவில் இலவசமாகத் தருகின்றனர்.

இனி எங்கள் குறுவட்டுக்கு வருகிறேன். கோப்பைத் தாங்கிய பேஜ்மேக்கருக்குக் கடைசிப் பதிப்பு வந்தது 2001 இல். பிறகு அதைக் கைவிட்டனர். ஆக, இரண்டு பூட்டு: கோப்புக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று. முதல் பூட்டைத் தென்காசி நண்பரின் பழைய பொறி திறந்தது. இரண்டாவது, பாமினிதான் என்று கண்டவுடன் பாதி திறந்தது. 'ஜே'யைத் 'த' ஆக்கு, 'கே'யை 'ம' ஆக்கு, கொம்பை மெய்க்குப் பின்னே கொண்டுபோ என்று கட்டளையிடும் மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அரை நொடியில் எட்டுப் பக்கமும் தமிழாயிற்று! இடையிடையே ஆங்கிலத்தில் இருந்த சில சொற்களையும் மாற்றி விடாமல் தமிழாக்கிவிட்டதால், அவை மட்டும் பொருளற்ற எழுத்துக் குவியல்களாக நின்றன. அவற்றைக் கையால் திருப்பினேன்.

பெரியவரின் கட்டுரையைப் படித்தேன். பள்ளியிலே மலையாளமும் வீட்டிலே தமிழுமாக வளர்ந்ததையும், பிழைப்புக்காக அச்சகத்தில் சேர்ந்ததையும், எழுத்துப் பெட்டியின் அறைகளை இருட்டிலும் கை தானே அறியும் என்பதையும் எழுதியிருந்தார். ஒரு செய்தி என்னை நிறுத்தியது. பெட்டியில் 'ழ' தீர்ந்துபோனால் வேலையை நிறுத்த முடியாது. வேறோர் அச்சைத் தலைகீழாகச் செருகி இடத்தைப் பிடித்து வைப்பார்களாம். எழுத்து வந்தவுடன் எடுத்துவிட்டு மாற்றுவார்களாம். சில நாள் மறந்துபோய் அப்படியே அச்சாகிவிடுமாம். "தமிழுக்கு ழ பற்றாமல் போன நாள் உண்டு" என்று வேடிக்கையாகச் சொல்லியிருந்தார்.

கட்டுரையில் ஒரு சொல் மட்டும் மீளவில்லை. அவர் பணியாற்றிய முதல் அச்சகத்தின் பெயரை, அழகுக்காக வேறோர் எழுத்துருவில் அமைத்திருக்கிறார்கள். அது எந்த எழுத்துரு என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எந்த மாற்றிக்கும் அது பிடிபடவில்லை. ஏழு எண்கள் இருக்கின்றன, பெயர் இல்லை. கட்டுரையை ஒருங்குறியில் அமைத்து, பி.டி.எஃப். ஆகவும் வெறும் எழுத்துக் கோப்பாகவும் மூன்று இடங்களில் வைத்திருக்கிறேன். பார்வையற்ற நண்பருக்கும் அனுப்பினேன். பொறி தங்குதடையின்றிப் படித்ததாம். அந்தப் பெயர் வரும் இடத்தில் மட்டும் ஒரு கோடு இட்டிருக்கிறேன். செங்கோட்டை, தென்காசி வட்டாரத்தில் அந்நாளில் அச்சுக்கோத்த முதியவர் எவரேனும் புளியறைப் படிப்பகத்துக்கு வந்தால், அந்தக் கோட்டைக் காட்டிக் கேட்பதாக இருக்கிறேன்.